இடப்பக்கம் நடந்தால் யானை

எது பழுதானாலும் அதைச் செய்தவன் தப்பித்துவிடுவான். "இதில் பழுது இருக்கிறது" என்று முன்கூட்டியே சொன்னவன்தான் மாட்டிக்கொள்வான். மென்பொருள் சோதிப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்கு ஊர் கூடித் தெரியவைத்தார்கள்.

நான் போடியில் வீட்டிலிருந்தபடியே வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் சோதித்துக் கொடுப்பவன். அப்போது கல்யாணமான புதிது. மாமனாருக்குத் தேவாரம் பக்கம், மலையடிவாரத்தில் வாழைத்தோட்டம். யானை இறங்கினால் விடிவதற்குள் தோட்டம் மொட்டை. என் மனைவியின் தம்பி கதிரேசன் இதற்கென ஒரு புரோகிராம் எழுதினான். தோட்டத்து ஓரத்தில் கேமரா இருக்கும். யானை தெரிந்தால் சைரன் அடிக்கும். பையன் கெட்டிக்காரன், மறுக்கவில்லை. சோதித்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தான். புது மாப்பிள்ளையால் முடியாது என்று சொல்ல முடியுமா?

இதில் ஒரு சிக்கல். மலை மலையாகக் குவிந்த படங்களில் ஒவ்வொன்றையும் பார்த்து இது யானை, இது மாடு என்று சரியான விடையை எழுதிவைக்க யாரால் ஆகும்? அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. ஒரு படத்தைக் கொடுத்து விடையை வாங்க வேண்டியது. அதே படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திருப்பி மறுபடியும் கொடுக்க வேண்டியது. இரண்டு விடையும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால், சரியான விடை எதுவென்றே தெரியாமல் புரோகிராமின் குட்டை உடைத்துவிடலாம். திருப்புவது, கேட்பது, ஒப்பிடுவது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்படி எழுதிவிட்டு நான் காப்பி குடிக்கப் போனேன். (அந்தக் காப்பியோடு நிம்மதி முடிந்தது.)

திரும்பி வந்து விடைகளைப் பார்த்தால், வலப்பக்கம் நடந்தால் எருமை. அதே எருமை இடப்பக்கம் நடந்தால் யானை! கதிரேசன் புரோகிராமுக்குப் பழக்கக் கொடுத்த யானைகளில் பெரும்பாலானவை இடப்பக்கம் பார்த்து நின்றவை. அது அதையே பிடித்துக்கொண்டது.

"கதிரு, படத்தத் திருப்பிப் போட்டா பதில் மாறுது. இது தப்பு."

"யானை எந்தப் பக்கம் திரும்புனா என்ன மச்சான்? யானை யானைதான?"

"அதத்தான்யா நானும் சொல்றேன்!"

"அப்ப சரியாப் போச்சு. ஞாயித்துக்கெழம ஊர்க்காரங்கள வரச் சொல்லிட்டேன். வெரசா சோலிய முடிங்க."

(எது சரியாப் போச்சு? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.)

ஞாயிறு மாலை நசநசவென்று தூறல். மோட்டார் ரூம் வாசலில் ஒரு டிவியை வைத்து, அதன் முன்னால் ஊரே நின்றது. "இதச் சோதிச்சுப் பாத்தது எங்க மச்சான்!" என்று கதிரேசன் என் தோளில் கை வைத்தான். "ஆனா ஒரு விசயம்..." என்று நான் ஆரம்பித்தேன். கைதட்டலில் அது காணாமல் போனது.

அந்த நேரம் பார்த்து சைரன் அலறியது. டிவியில் சிவப்பு எழுத்தில் 'யானை'. தூறலுக்குள் சாம்பல் நிறத்தில் பெரிதாக என்னவோ இடப்பக்கமாக நகர்ந்தது. முன்னால் தும்பிக்கை ஆடியது. பாதிக் கூட்டம் ஜீப்பில் ஏறிவிட்டது. மீதிக் கூட்டம் தயாராக வைத்திருந்த வெடியைப் பற்றவைத்துத் தோட்டத்துக்குள் வீசியது.

யானை கத்தியது: "எந்தப் பயடா வெடிய எறியிறது?"

வாழைக்குள்ளிருந்து வெளியே வந்தது என் மாமனார். மழைக்காகத் தலையோடு போர்த்திய சாம்பல் தார்ப்பாய். தோளில் தண்ணீர்க் குழாய். அதன் நுனி முன்னால் தொங்கியது. ஒரு காலில் செருப்பைக் காணோம்.

"எவன்டா என்னைய யானைன்னு சொன்னது?"

பெற்ற அப்பனையே அடையாளம் தெரியாத புரோகிராமை எழுதியவன், கொஞ்சமும் கூசாமல் என்னைக் கைகாட்டினான். "மச்சான்தாம்ப்பா சோதிச்சாரு."

எனக்கு வந்ததே கோபம்! நாக்கு ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம் போனது.

"மாமா, ஒருக்க கேமரா முன்னால அந்தப் பக்கமாத் திரும்பி நடங்க."

"எதுக்கு மாப்ளே?"

"என் மானத்துக்கு மாமா."

மருமகன் கேட்டுவிட்டானே என்று மனிதர் நடந்தார். டிவியில் 'மனிதன்' என்று வந்தது. "இப்பத் திரும்பி வாங்க." சைரன் அலறியது. 'யானை'. ஜீப்பில் ஏறியவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். "இன்னொருக்க நடங்கய்யா!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். மறுபடி 'மனிதன்'. மறுபடி 'யானை'.

"பாத்தீகளா! அதே ஆளு, அதே தார்ப்பாய், அதே குழாயி! பதில் மட்டும் மாறலாமா? இதத்தான நான் தலதலயா அடிச்சுக்கிட்டேன்!" என்று முழங்கினேன். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. என் பக்கம் நியாயம் ஜெயித்துவிட்டதென்று நானும் மார்பை நிமிர்த்தினேன். மாமனார் முகத்தைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

மாமியார்தான் வந்து சைரனை நிறுத்தினார். "போதும் மாப்ளே. அவரு மனுசன்னு எங்களுக்கு முன்னமே தெரியும்."

வெகுநாள் மாமனார் என்னோடு நேராகப் பேசவில்லை. "சோறு வேணுமான்னு அவரக் கேளு" என்று என் எதிரிலேயே மகளிடம் சொல்வார். கதிரேசன் திருப்பிய படங்களையும் கொடுத்துப் பழக்கிக் கோளாறைச் சரிசெய்தான். அடுத்த முறை நிஜ யானை இறங்கியபோது சைரன் ஒழுங்காக அடித்தது, தோட்டம் பிழைத்தது. ஊர் அவனுக்குச் சால்வை போட்டது.

எனக்கு? 'யானை மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தது. யானை என்று தப்பாகச் சொன்னது அவன் புரோகிராம். யானையாக நடந்தவர் மாமனார். பட்டம் மட்டும் எனக்கு! இது எந்த ஊர் நியாயம்? தேவாரத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பரிமாறுகிறவர் என் இலையோரம் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போகிறார்.

போன மாதம் ஒரு விசேஷத்தில் பந்தியில் உட்காரப் போனேன். முதல் வரிசையில் இருந்த மாமனார் கையை நீட்டித் தடுத்தார். "மாப்ளே, இப்பிடி வராதீக. அந்தப் பக்கமாச் சுத்தி வாங்க. சைரன் அடிச்சிரும்."

பந்தி மொத்தமும் சிரித்தது. நான் சுற்றித்தான் போனேன்.