அவித்த பிடிமண்

யாரும் கேட்காத கேள்விக்கு எழுத்தில் பதில் கொடுப்பது என் வியாதி. பயிற்சிக் காலத்தில் அதற்குப் பாராட்டு வேறு கிடைத்தது. (வியாதி முற்றுவதற்கு வேறென்ன வேண்டும்?) இலங்கையில், தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு சாமியின் உயிருக்கே ஆபத்து வந்தது அந்த வியாதியால்தான். நாலு வருஷத்துக்கு முந்தைய கதை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருச்சியில் பிரசவம் பார்க்கப் படித்துவிட்டு அந்தத் தோட்டத்து மருந்துச் சாலைக்கு வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷத்தில் நான் பார்த்த பிரசவங்கள் இரண்டு. அவற்றில் ஒன்று தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையா வீட்டுப் பசு. லயத்துப் பெண்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருந்தவர்கள், வலி கண்டால் தங்களுக்குள்ளேயே பார்த்துக்கொண்டார்கள். வழியில் என்னைக் கண்டால் ஒதுங்கி நிற்பார்கள். மரியாதைதான். ஆனால் மரியாதையோடு எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்க முடியும்? மழை மாதங்களில், என் குரலை நானே கேட்பதற்காக, மருந்துப் புட்டிகளின் பெயர்களை உரக்க வாசித்ததுண்டு.

நான் ஊருக்கு லீவில் புறப்பட்டபோது லயத்துப் பூசாரி வீரன் தேடி வந்தார். முனியாண்டிக்கு ஒரு கோயில் கட்டி முடித்திருந்தார்கள். பூர்வீக ஊரின் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து போட்டால்தான் சாமி வந்து குடியேறுவார். அவர்களுடைய ஊர் என் வீட்டிலிருந்து மாட்டுவண்டித் தூரம்.

"நீங்கதான் கொண்டாந்து தரணும் நர்ஸம்மா," என்றார்.

அந்த லயம் என்னிடம் கேட்ட முதல் உதவி. இதைச் சரியாகச் செய்துவிட்டால் நானும் அவர்களில் ஒருத்தி ஆகிவிடுவேன் என்று நம்பினேன். சரியாகத்தான் செய்தேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

பிடிமண்ணை எல்லாரும் மஞ்சள் துணியில் முடிவார்கள். நான் கழுவிக் காயவைத்த மருந்துப் புட்டியில் போட்டு, மெழுகால் மூடி, சீட்டு ஒட்டினேன். இலங்கைக்குப் போகும் தோட்டத்து ஆட்கள் கடல் தாண்டுமுன் இந்தியக் கரையில் இலங்கை அரசாங்கம் நடத்தும் முகாமில் சில நாள் தங்க வேண்டும். அம்மை குத்துவார்கள், உடம்பைச் சோதிப்பார்கள், துணிமணிக்கு நீராவி காட்டுவார்கள். மூட்டையில் என்ன இருக்கிறது என்று ஓர் அதிகாரி கேட்பார். எல்லாரும் "துணிதாங்க" என்றார்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மாளின் மூட்டைக்குள் ஒரு கறிவேப்பிலைக் கன்று வேரோடு இருந்தது. அவரும் "துணிதாங்க" என்றே சொன்னார். நான் பட்டியலை நீட்டினேன். பெயர், அளவு, பயன், குறிப்பு என்று நாலு பத்திகள். பதினேழாவது சாமான்: கோயில் மண், கால் ராத்தல், வழிபாட்டுக்கு, சற்று ஈரமானது.

அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். பட்டியலை இரண்டு தரம் படித்தார்.

"ஏன் பிள்ளை இதை எழுதினனீர்? எழுதாட்டி நான் பாத்திருக்கவே மாட்டன்."

எழுத்தில் வந்துவிட்டதை அவரால் விட முடியவில்லை. மண்ணில் புழு இருக்கும், பூஞ்சணம் இருக்கும், தேயிலைக்கு ஆகாது, கடலில் கொட்டிவிட வேண்டும் என்றார். கறிவேப்பிலை அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் அழவில்லை. (அழுதிருந்தால் விட்டிருப்பார் என்று பிறகு பலரும் சொன்னார்கள்.) அதற்குப் பதிலாக, கிருமி நீக்கும் முறையைப் படிப்படியாக விளக்க ஆரம்பித்தேன். மூன்றாவது படியில் அவர் களைத்துப்போய்ச் சரி என்றார்.

முகாம் அடுப்பில், எனாமல் சட்டியில், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அரை மணி நேரம் முனியாண்டியைக் கிண்டினேன். கேழ்வரகுக் களிபோல வந்தார். வெயிலில் காயவைத்ததும் பிஸ்கோத்து ஆனார். அதிகாரி தட்டிப் பார்த்துவிட்டு, முத்திரை வைத்த சான்றிதழ் ஒன்றும் தந்தார். தலைமன்னாரிலிருந்து ரயிலில் புட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். பொல்காவலை தாண்டியதும் முனியாண்டியிடம் இரண்டொரு வார்த்தை பேசினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பெட்டியில் எனக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேளம் கொட்டி மொத்த லயமும் கூடியிருந்தது. புட்டியை வீரனிடம் கொடுத்ததோடு ஒதுங்கியிருக்கலாம். நான் சான்றிதழைப் பிரித்தேன். இங்கிலீஷில் இருந்ததை, எல்லாருக்கும் புரியட்டுமே என்று, தமிழில் உரக்கச் சொன்னேன்: "இந்த மண்ணில் உயிருள்ளது எதுவும் இல்லை என்று உறுதி கூறப்படுகிறது."

மேளம் நின்றது.

வீரன் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அப்ப சாமி?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "கொதிக்கிற தண்ணியில அரை மணி நேரம் எதுவும் தாங்காதுங்க," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. இத்தனை பேரும் ஒருநாள் என்னை முகம் நிமிர்த்திப் பார்க்கமாட்டார்களா என்று ஒரு வருஷமாக ஏங்கியிருந்தேன். பார்த்தார்கள். வீரன் புட்டியைத் திரும்ப என் கையில் வைத்தார்.

செல்லம்மா என்று ஒருத்தி, நிறைமாதக்காரி, ஓரத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியவள் இல்லை.

"கெடா வெட்டி, சாராயம் வச்சுக் கும்புடுற சாமி, மாமா," என்றாள் வீரனிடம். "சுடுதண்ணிக்கா செத்துருவாரு? இந்தக் குளிருக்குக் குளிச்சிட்டு வந்திருக்காரு, அம்புட்டுதான்."

ஒருவர் சிரித்தார். பிறகு லயமே சிரித்தது. வீரன் மட்டும் சிரிக்கவில்லை. புட்டியை வாங்கிக்கொண்டார், ஆனால் மண் போடும்போது நான் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மருந்துச் சாலை வாசலில் நின்று, பனிமூட்டத்துக்கு அப்பால் கேட்ட மேளத்தை வைத்து, இப்போது மண் போடுகிறார்கள், இப்போது தீபம் காட்டுகிறார்கள் என்று யூகித்துக்கொண்டேன். பொங்கலை யாரோ பின்வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆறியிருந்தது. முழுவதையும் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து, பகலில், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் நேரத்தில், செல்லம்மாவின் புருஷன் மூச்சிரைக்க வந்து நின்றான். "அவிச்ச அம்மாவைக் கூட்டியாரச் சொன்னா," என்றான். என் பெயர் அப்படி மாறியிருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வலிக்கு நடுவில் என்னைக் கண்டதும் செல்லம்மா சொன்னாள்: "சாமியவே அவிச்ச கையி. எம்புள்ளைய பாத்து எடுங்க." அவளுடைய ஒற்றை அறைக் காம்பிரா முழுக்கப் பெண்கள். சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆண் குழந்தை பிறந்தது. முனியாண்டி என்றே பெயர் வைத்தார்கள். குழப்பம் வராமலிருக்க, கோயிலில் இருப்பவர் அவிச்ச முனி, செல்லம்மா மகன் பச்ச முனி.

அதற்குப் பிறகு அந்த லயத்தில் என் கையில் பிறந்தவை முப்பத்தொரு பிள்ளைகள். (பதிவேடு இருக்கிறது.) சோறு தின்னாத பிள்ளைகளிடம் தாய்மார்கள் சொல்லும் வார்த்தை இப்போது ஒன்றுதான்: "நர்ஸம்மாகிட்ட குடுத்து அவிக்கச் சொல்லிருவேன்." நான் வழியில் வருவது தெரிந்தால் போதும், நடக்கத் தெரிந்தவை அத்தனையும் ஓடிவிடுகின்றன. முதலில் ஓடுகிறவன் பச்ச முனி.