டைப் அடிக்க மட்டும் ஒரு லெப்டொப்

ஆதம்பாவா பட்டியலில் ஆதம்பாவி ஆகியிருந்தார்.

"மாஸ்டர், நான் என்ன பாவம் செஞ்சன்?" என்று அவர் தாளை அபூசாலி மாஸ்டரின் மூக்குக்கு நேரே நீட்டினார். "நாப்பது வருசமா சாகாமத்துல வேளாண்மை செய்றன். ஒருத்தரும் என்னைப் பாவியெண்டு சொன்னதில்ல. நீங்க எழுத்துல போட்டு கந்தோருக்கும் அனுப்பிட்டீங்க."

"அது டைப் அடிச்ச புள்ள விட்ட பிழை, ஆதம்பாவா காக்கா."

"ஒப்பம் வெச்சது நீங்கதானே?"

மாஸ்டர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்று, கல்முனைக்குடியில் நிம்மதியாக இருந்தவர் அவர். சாகாமம் என்ற ஊரில் அவருக்கும் நாலு ஏக்கர் வயல் இருந்ததால், போன மாதம் கமக்காரர் அமைப்பின் செயலாளராக்கிவிட்டார்கள். முதல் வேலையே இந்தப் பட்டியல்தான். ஐம்பத்து மூன்று பேரின் பெயரும் காணியின் அளவும், உரம் கொடுக்கும் அரசாங்க அலுவலகமான கமநல கந்தோருக்கு ஈமெயிலில் போக வேண்டும். அடையாள அட்டையோடு பெயர்கள் பொருந்தவில்லை என்று முதல் பட்டியலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாத முடிவுக்குள் சரியானது போகாவிட்டால் ஐம்பத்து மூன்று வயலுக்கும் உரம் பிந்தும்.

மாஸ்டர் மறுபடியும் டைப் அடித்துக் கொடுக்கும் கொமினிகேஷன் கடைக்குப் போனார். அங்கிருந்த பெண் மன்னிப்புக் கேட்டு ஆதம்பாவாவைத் திருத்திக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், சீனித்தம்பி சீனித்தும்பி ஆகியிருந்தார். திரும்பவும் போனார். தும்பி தம்பியானார். ஆனால் காணிக் கணக்கு முழுவதும் ஒரு வரி கீழே இறங்கி, ஒவ்வொருவருக்கும் பக்கத்து வயல்காரரின் காணி கிடைத்திருந்தது. ஆதம்பாவாவுக்கு இரண்டு ஏக்கர் கூடியிருந்தது. அந்தப் பிழையைப் பற்றி மட்டும் ஆதம்பாவா வாயே திறக்கவில்லை.

"இனி நானே அடிப்பன்," என்றார் மாஸ்டர். "பழைய லெப்டொப் ஒண்டு வாங்கப் போறன்."

"வாங்குறது பெரிசில்ல, நுஸ்ஹாட வாப்பா," என்றார் மனைவி சபியா உம்மா. "ஆரிட்டயாவது கொஞ்சம் கேட்டுப் பழகிட்டு வாங்குங்களன்."

"என்னத்தைப் பழகுற? டைப்ரைட்டருக்கு மேல ஒரு டீவிய ஒட்டி வெச்சிரிக்கானுகள். அவ்வளவுதான்."

சொல்லிக்கொடுக்க வருகிறவர்களைக் கண்டால் மாஸ்டருக்கு முகம் மாறிவிடும். கொழும்பில் இருக்கும் மகள் நுஸ்ஹா போனில், "வாப்பா, நான் காட்டித் தாறன்" என்று தொடங்கினாலே, "சிக்னல் இல்ல மகள்" என்று வைத்துவிடுவார். முப்பத்திரண்டு வருடம் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றவருக்கு மாணவர்களின் வாங்கில் உட்காரத் தெரியவில்லை.

கல்முனை பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு மாடியில் காரைதீவு இளைஞன் டிலக்சன் பழைய லெப்டொப் விற்றுக்கொண்டிருந்தான். சபியா உம்மாவும் கூடவே போனார்.

"என்ன வேலைக்கு, சேர்?"

"டைப் அடிக்க. ஈமெயில் அனுப்ப. வேற ஒரு கூத்தும் வேணாம்."

"அப்ப பழசு தாராளம்," என்று டிலக்சன் மூன்றை எடுத்து வைத்தான். ஒன்று வெள்ளி நிறத்தில் தட்டையாக இருந்தது, ஜப்பானில் இருந்து வந்ததாம். ஒன்று சாம்பல் நிறம், ஏதோ கம்பனியில் பாவித்தது. மூன்றாவது கறுப்பு, சீமெந்துக் கல் மாதிரி. மாஸ்டர் மூன்றையும் கையில் தூக்கி எடை பார்த்தார், மூடியைத் திறந்து மூடினார், பலாப்பழத்தைத் தட்டுவதுபோல விரலால் தட்டியும் பார்த்தார். கடைசியில் வெள்ளியைச் சுட்டிக் காட்டினார்.

"பிழைச்சா? பழுதாப் போனா?"

"ஒரு மாசத்துக்குள்ள எத்தனை தரமெண்டாலும் கொண்டு வாங்க. மாத்தித் தாறன். தமிழ் எழுத்துப் போட்டு வைக்கிறன், நாளைக்கு வந்து எடுங்க சேர்."

இறங்கி வரும்போது சபியா உம்மா குடையை விட்டுவிட்டதாகச் சொல்லி மறுபடி மேலே போனார். மாஸ்டர் வெயிலில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது.

மறுநாள் வெள்ளி லெப்டொப் வீட்டு மேசைக்கு வந்தது. மாஸ்டர் பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் எழுத்தை அழுத்தினார். ஈர்க்குகளை ஒடித்து அடுக்கியது போல ஏதோ ஒன்று விழுந்தது. அடுத்ததை அழுத்தினார். அதுவும் ஈர்க்குத்தான்.

"ஆதம்பாவாட பேரு ஜப்பான்ல போகுது," என்றார் மனைவியிடம்.

"நல்லம். கந்தோர்ல ஒருத்தருக்கும் பாவியெண்டு வாசிக்க ஏலாது."

அவர் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். டிலக்சன் இரண்டு எழுத்தைத் தட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "எனக்கும் விளங்கல்ல சேர். நீங்க கொஞ்சம் பாருங்கவன், நான் இந்த ஆளுக்கு சார்ஜர் ஒண்டு குடுத்துட்டு வாறன்."

கடைக்காரனுக்கே தெரியவில்லை! மாஸ்டர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையின் மூலைமுடுக்கெல்லாம் பார்த்தார். கீழே வலது ஓரத்தில் ஒரு சின்ன எழுத்து இருந்தது. அதை அழுத்தியதும் மொழிகளின் வரிசை ஒன்று எழும்பியது. தமிழைத் தொட்டார். 'அ' வந்தது.

"தம்பி, இஞ்ச வாங்க," என்று டிலக்சனை அழைத்து விளக்கினார். "மொழி இந்த மூலையில இரிக்கி. இத மாத்தினாச் சரி. வியாபாரம் செய்றவர் இதெல்லாம் தெரிஞ்சி வெக்கோணும்."

"அப்பிடியா சேர்!" என்று டிலக்சன் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டான். "ஆனா இது திரும்பவும் மாறும் சேர். இத வெச்சிட்டு சாம்பலக் கொண்டு போங்க. நாலு நாளில ரெடி பண்ணித் தாறன்."

சாம்பல் நிற லெப்டொப்பில் தமிழ் ஒழுங்காக இருந்தது. ஆனால் திரைதான் தலைகீழ். எழுத்துகள் வௌவால் போலத் தொங்கின.

மாஸ்டர் லெப்டொப்பையே தலைகீழாக்கிச் சுவரில் சாத்தினார். இப்போது திரை நேராக வந்தது, எழுத்துப் பலகை மேலே போய்க் கவிழ்ந்தது. சபியா உம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, மாஸ்டர் அடியில் கையை விட்டுத் தடவித் தடவி அடித்தார். அரை மணித்தியாலத்தில் 'ஆதம்' என்று வந்தது. அந்த நேரம் பார்த்து ஆதம்பாவா உள்ளே வந்தார்.

"என்ன மாஸ்டர், பாதி ஆளாயிட்டனா?"

கடையில் டிலக்சன் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "கழுத்து நோகுது சேர். நீங்களே ஒருக்கா பாருங்களன்."

'இவன் எப்படித்தான் கடை நடத்துகிறானோ' என்று எண்ணிக்கொண்டே மாஸ்டர் உட்கார்ந்தார். எதை அழுத்தினால் என்ன வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு பட்டியலில் நாலு திசைகள் இருந்தன. ஒன்றைத் தொட்டார், திரை இடப்பக்கம் படுத்தது. அடுத்ததில் வலப்பக்கம் படுத்தது. அதற்கடுத்ததில் நிமிர்ந்தது.

"தொண்ணூறு, நூற்றியெண்பது, இருநூற்றியெழுபது," என்றார் டிலக்சனிடம். "வேறொண்டுமில்ல, கேத்திர கணிதம். பள்ளிக்கூடத்துல கவனிச்சிரிந்தா விளங்கியிரிக்கும்."

"நான் கணக்குல மோசம் சேர்," என்று டிலக்சன் மறுபடியும் கொப்பியைத் திறந்தான். "இதுவும் நம்பேலாத மெசின். கறுப்பக் கொண்டு போங்க. அது கல்லு."

வீட்டில் சபியா உம்மா தேத்தண்ணீர் வைத்துக்கொண்டு, "எப்படித் திருத்தின நீங்க?" என்று கேட்டார். மாஸ்டர் ஆதியோடு அந்தமாகச் சொன்னார். "அந்தப் பொடியனுக்கு ஒண்டும் தெரியா. பாவம். நான் போயிராட்டி அந்த மெசின எறிஞ்சிரிப்பான்."

கறுப்பு லெப்டொப் உண்மையிலேயே கல்லுத்தான். மூன்று நாள் இருந்து மாஸ்டர் ஐம்பத்து மூன்று பெயரையும் அடித்து முடித்தார். ஒவ்வொரு பெயரையும் அவர் சத்தமாக வாசிக்க, சபியா உம்மா அடையாள அட்டைப் பிரதியோடு சரிபார்த்தார். ஒரு பாவி இல்லை, ஒரு தும்பி இல்லை. அவரவர் காணி அவரவருக்கு இருந்தது. எங்கே சேமிக்கிறது என்று பாராமல் சேமித்துவிட்டு மூடினார்.

மறுநாள் காலையில் திறந்தால் பட்டியலைக் காணவில்லை.

மாஸ்டர் முதலில் கோபப்பட்டார். பிறகு கோபமும் போய்விட்டது. மாத முடிவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஐம்பத்து மூன்று பேரும் விதைப்புக்கு ஆயத்தமாக நின்றார்கள். தன்னால் முடியாத வேலைக்கு ஆசைப்பட்டுவிட்டோமோ என்று அவருக்கு முதல் தடவையாகத் தோன்றியது. காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. சபியா உம்மா தேத்தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கடைக்குப் போக எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். போய் என்ன பயன்? அங்கேயும் இவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். தரவு அழியவில்லை என்று வைத்துக்கொள்வோம் என்று ஒரு கணக்கைப் போலத் தொடங்கினார். அழியவில்லை என்றால் எங்கேயோ இருக்கிறது. எங்கேயோ இருக்கிறது என்றால் தேட ஒரு வழி இருக்க வேண்டும். திரையின் கீழே கண்ணாடி போலச் சின்னப் படம் ஒன்று இருந்தது. பூதக்கண்ணாடி. அதைத் தொட்டு, ஆதம்பாவா என்று அடித்தார்.

ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் இன்னொன்று, அதற்குள் பட்டியல் பத்திரமாக இருந்தது.

"ஆதம்பாவா வந்துட்டார்!" என்று கத்தினார் மாஸ்டர்.

அடுக்களையில் நின்ற சபியா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல் கடப்படிக்கு ஓடினார்.

இனி அனுப்புவதுதான் பாக்கி. ஆனால் ஈமெயில் திறக்க மறுத்தது. இந்த இணைப்பு பாதுகாப்பில்லை என்று சிவப்பு எழுத்தில் எச்சரித்தது. மாஸ்டர் இப்போது பதறவில்லை. மூலையிலிருந்து தொடங்கினார். திகதி இருந்த இடத்தில் 2009 என்று இருந்தது. அந்தக் கணக்கின்படி அவர் இன்னும் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தார். திகதியை இன்றைக்குக் கொண்டுவந்தார். ஈமெயில் திறந்தது. பட்டியலை இணைத்தார், இரண்டு தரம் பார்த்தார், அனுப்பினார்.

லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் பதில் வந்திருந்தது: "கிடைத்தது. விபரங்கள் சரி."

மாஸ்டர் அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினார். பிறகு ஆதம்பாவாவுக்குப் போன் எடுத்து வாசித்தார். நுஸ்ஹாவுக்கும் எடுத்தார். அன்று சிக்னல் நன்றாக இருந்தது.

"ஒருத்தரும் சொல்லித் தரல்ல மகள். ஒருத்தரும்! பிழைச்ச மெசின் மூண்ட வெச்சி நானே படிச்ச."

"மாஷா அல்லாஹ், வாப்பா," என்றாள் நுஸ்ஹா. சிரிப்பை அடக்குவதுபோலத் தெரிந்தது.

மறுநாள் பத்து மணிக்கு மாஸ்டர் சட்டையை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு டிலக்சனின் கடைக்குப் போனார். லெப்டொப்பை மாற்றுவதற்கு அல்ல. பழைய சாமான் விற்கிறவன் முதலில் அதைப் பற்றி அறிந்திருக்க வேண்டும், வேண்டுமானால் வாரத்தில் ஒரு நாள் வந்து தானே சொல்லித் தருகிறேன் என்று அவனிடம் சொல்வதற்கு. படியேறும்போதே சொற்களை ஒழுங்குபடுத்திக்கொண்டார்.

டிலக்சன் இல்லை. அவனுடைய தங்கை துசாந்தினி காசாளர் மேசையில் இருந்தாள். மாஸ்டர் அவளை இதற்கு முன் பார்த்ததில்லை.

"அண்ணன் சாமான் எடுக்க மட்டக்களப்புக்குப் போயிட்டார். நீங்க?"

"அபூசாலி மாஸ்டர். உங்கட அண்ணனுக்கு நான் கொஞ்சம் விசயம் சொல்லிக் குடுக்கோணும்."

துசாந்தினியின் முகம் மலர்ந்தது. மேசை லாச்சியைத் திறந்து, பொன்னிறக் கரை போட்ட தடித்த தாள் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"நல்ல நேரம் வந்தீங்க சேர், சபியா அன்ரி உங்களைச் சேர்த்துவிட்ட கொம்பியூட்டர் கிளாஸ் நேற்றோட முடிஞ்சிது, இந்தாங்க சேட்டிபிகட், மற்ற ஆக்களுக்கெண்டா அண்ணன் வாயால சொல்லிக் குடுப்பார், உங்களுக்கெண்டுதான் பாடத்துக்குப் பாடம் மெசின வேணுமெண்டே பிழைக்க வெச்சி அனுப்பினவர்!"