கோயில் மணிக்குக் கூடிய பெரட்டு

தேவிகுளம் மலை,
1954 ஜூலை 19

கனம் பொருந்திய சபைப் போதகர் ஞானஜோதி ஐயர் மாமா அவர்களுக்கு, மூன்று சட்டை போட்டும் நடுங்கிக்கொண்டிருக்கும் உங்கள் மருமகன் வேதமுத்து பணிவோடு எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உங்கள் மகள் ரோசியும் சுகம். அத்தையின் முழங்கால் வலி குறைய ஜெபிக்கிறோம். நீங்கள் அனுப்பிய கருப்பட்டி வந்தது. கரைந்துதான் வந்தது, ஆனாலும் வந்ததே, ஸ்தோத்திரம்.

மாமா, நான் உபதேசியார் வேலையை விடுகிறேன். நின்றுகொண்டு படிக்கிறீர்கள் என்றால் தயவுசெய்து உட்கார்ந்து மேலே படியுங்கள். "வாயைத் திறந்து சொல்லு, மத்ததை ஆண்டவர் பாத்துக்கிடுவார்" என்று சொல்லித்தான் என்னை இந்த மலைக்கு அனுப்பினீர்கள். நானும் வந்த நாளிலிருந்து திறந்த வாயை மூடவில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்று பேசினால் மழை பிடித்துக்கொள்ளும், குழாயடியில் பேசினால் குடம் நிறைந்ததும் ஆள் கிளம்பிவிடும், கடைத்தெருவில் பேசினால் என்னை மருந்து விற்கிறவன் என்று நினைத்து, தலைவலிக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். தேயிலைத் தோட்டத்துத் துரை நமக்கு ஜெபம் நடத்தப் பழைய சாக்கு ஸ்டோரைக் கொடுத்தாரே, வேலைக்கு இடைஞ்சல் வந்தால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு, அதில் ஞாயிறுதோறும் கூடின சபை நானும் ரோசியும் சில எலிகளும். இதைக் கேள்விப்பட்டுத்தான், மணிச் சத்தம் கேட்டால் ஜனம் வரும் என்று போடிமெட்டு வழியாகப் பெரிய வெண்கல மணியை அனுப்பிவைத்தீர்கள். ஜனம் வந்தது, மாமா. அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. விடிந்தும் விடியாமலும் மணி அடிப்பார்கள். உடனே ஆண்களும் பெண்களும் கூடையும் கம்பளியுமாகப் பெரட்டுக்களம் என்ற மைதானத்துக்கு ஓடிவந்து வரிசையில் நிற்க வேண்டும். கங்காணி பேர் கொடுத்து, யார் எந்தப் பக்கம் கொழுந்து பறிக்கப் போவது என்று பிரித்துவிடுவார். இந்த மாத ஆரம்பத்தில் பெய்த மழையில் அந்தக் களத்தின் ஒரு பக்கம் சரிந்துவிட்டதாம், இடத்தை மாற்றப்போகிறார்கள் என்று லயமெல்லாம் பேச்சாம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, பேசுகிற மும்முரத்தில் நானும் யாரையும் கேட்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை விடியற்கால ஜெபத்துக்கென்று மணியைக் கட்டி இழு இழு என்று இழுத்தேன். நீட்டின கை தெரியாத மூடுபனி. அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு தலை தெரிந்தது, பிறகு ஒரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை, நம் கோயிலில் போலவே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எழுப்புதல் என்றால் இதுதான் மாமா என்று, கெட்ட குமாரன் கதையை எடுத்துப் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். ஒருவர் இருமவில்லை. ரோசி மட்டும் என் சட்டையை இழுத்து, "அத்தான், எல்லாரும் கூடையோட வந்திருக்காவ" என்றாள். "காணிக்கை கொண்டு வந்திருக்காங்க, நீ சும்மா இரு" என்று அவளை அடக்கினேன். பேச்சுப் பாதியில் ஆவி உந்தி, வர மனமுள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றேன். எல்லாக் கைகளும் மேலே போயின. ஒரு ஆள் இரண்டு கையையும் தூக்கினான். நான் அழுதுவிட்டேன்.

அப்போதுதான் பெரியமுத்துக் கங்காணி குடையை மடக்கக்கூட மறந்து மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்ன சாமி இது, அங்க தொர ஒத்தையில நிக்கிறாரு, களத்துல ஒரு குஞ்சு இல்ல, நீங்க இங்க பெரட்டு எடுத்துக்கிட்டிருக்கீக?" என்றார். அத்தோடு கூட்டம் கலைந்தது. நேரம் கடந்து வந்ததற்கு அத்தனை பேருக்கும் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி வெட்டு என்று ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. என்னையும் கூப்பிட்டுவிட்டார்கள். ஆபீஸ் வாசலில் அத்தனை பேரும் மழையில் நின்றார்கள். நான் செய்த கூத்துக்கு அவர்கள் வீட்டு அடுப்பல்லவா அணையப்போகிறது.

நான் வாயைத் திறப்பதற்குள், பெண்கள் வரிசைக்கு மூத்தவளான சுருளியம்மாள் முன்னால் வந்து துரையிடம் சொன்னாள்: "மணிச் சத்தத்துக்கு வந்தது நாங்க தொர. எடம் மாறிப்போச்சுன்னு நெனச்சதும் நாங்கதான். இவரு எங்களக் கூப்பிடல. இருட்டுறதுக்குள்ள கொழுந்து முழுசாப் பறிச்சுத் தாரோம், பேர வெட்டாதீக." அவர்களை வந்த நாளிலிருந்து தொண்டை கிழியக் கூப்பிட்டவன் நான். இருந்தாலும் அந்த நேரத்தில் அதைச் சொல்லத் தோன்றவில்லை. துரை கூலி வெட்டை நிறுத்தினார். ஸ்டோர் இருக்கட்டும், மணிச் சத்தம் மட்டும் இனி கேட்கக் கூடாது என்றார். அவர்கள் மத்தியானக் கஞ்சி குடிக்காமல் மழையிலேயே பறித்து முடித்தார்கள்.

சாயங்காலம் ரோசியைக் கூட்டிக்கொண்டு லயத்தில் வீடு வீடாக மன்னிப்புக் கேட்கப் போனேன். அடிக்க வாரியலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். சுருளியம்மாள் என்னை அடுப்புப் பக்கம் உட்காரவைத்து, கடுங்காப்பி கொடுத்து, தன் வீட்டுக்காரரின் கம்பளியை என் தோளில் போட்டுவிட்டாள். "விடுங்க சாமி. புதுசா வந்த ஆபீசரு போலன்னு நெனச்சோம். திட்டாமப் பேசுறாரேன்னு அதிசயமா நின்னுட்டோம்" என்று சிரித்தாள். மன்னிப்பைப் பற்றி நான் ஊர் ஊராகப் பேசியிருக்கிறேன் மாமா, வாங்கிப் பழக்கமில்லை. அன்றைக்கு வாங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் வாங்கினேன். இந்த மலைக்கு என்னை அனுப்பியதற்காக உங்களுக்கும் ஆண்டவருக்கும் எத்தனை நன்றி சொன்னாலும் தீராது. ஆனால் இப்படிப்பட்ட ஜனத்துக்குச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? ஆகையால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் வேலைக்குச் சொல்லிவையுங்கள். மணியை வருகிற சனிக்கிழமை லாரியில் ஏற்றிவிடுகிறேன்.

அத்தையின் முழங்காலையும் என்மேல் உங்களுக்கு வரப்போகும் கோபத்தையும் கர்த்தர் ஒருசேர ஆற்றுவாராக. ரோசி உங்கள் இருவருக்கும் முத்தங்கள் சொல்லச் சொன்னாள்.

உங்கள் அன்புள்ள மருமகன்,
வேதமுத்து

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் ஆள் சத்தம். சுருளியம்மாளும் அவளுக்குப் பின்னால் ஒரு கும்பல் பெண்களும், கம்பளியில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார்கள். துரை மனசு மாறிக் கூலியை வெட்டிவிட்டாரோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. அவள் சொன்னாள்: "சாமி, அன்னைக்குக் கங்காணி வந்து கதையப் பாதியில கெடுத்துட்டாரு. சொத்தப் பிரிச்சு வாங்கிட்டுப் போன அந்த எளைய மகன், எல்லாத்தையும் அழிச்சுப்புட்டு, பன்னி திங்கிற தவிட்டுக்கு ஏங்கிக்கிட்டுக் கெடந்தான்னு சொன்னீக. அதோட விட்டுட்டீக. கொழுந்து பறிக்கையில எங்களுக்குள்ள இதே பேச்சுத்தான். எந்த மொகத்தோட போவான், அப்பன் அடிச்சுத் தொரத்திருவாருன்னு இவளுக சொல்லுறாளுக. நான் சேத்துக்கிருவாருன்னு சொல்லுறேன். அவன் வீடு போய்ச் சேந்தானா இல்லையா?"

மாமா, வாத்தியார் வேலைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம். ரோசி காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டாள். எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் போய் மீதியைச் சொல்ல வேண்டும்.