முப்பது மணி நேரம் ஆறாத வெந்நீர்

சான் பெனீதோ,
பிப்ரவரி 10

மரியாதைக்குரிய நிடியா அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி மகேலா எழுதுவது. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்றும், ஒராசியோ அண்ணனின் முழங்கால் இந்தக் கோடையில் படுத்தாமல் இருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மை.

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். ‘தண்ணி இன்னும் சூடா இருக்கே’ என்பது. அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. சொல்லாமல் விட்டதால் பத்து நாட்களாக எனக்கு வேறு வேலையே இல்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன சனிக்கு முந்தின சனிக்கிழமை, விடிந்ததும் எல்பியோ வெந்நீர் பிளாஸ்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மாத்தே இலைத் தேநீர் குடிக்கும் குடுவையைக் கையில் ஏந்திக்கொண்டு, ஆற்று நடுவிலுள்ள தீவுக்குத் தேனீப் பெட்டிகளைப் பார்க்கப் படகில் போனான். கைபேசியை எடுத்துப் போகவில்லை, அது வழக்கம்தான், மணி அடித்தால் தேனீக்களுக்குப் பிடிக்காது என்பான். மதியச் சாப்பாட்டுக்கு வரவேண்டியவன் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. நான் துறைக்குப் போய் அவன் கூட்டாளி வில்மாரிடம் கேட்டேன், ஆற்றைக் கண்காணிக்கும் கடற்படைக் காவலில் சொல்லிவிடலாமா என்று. வில்மார் வலையிலிருந்து தலையைத் தூக்காமலே, “அவன் வந்துருவான் அண்ணி, நீங்க போய்ச் சாப்பிடுங்க” என்றான். ஆற்றில் ஒருவரைக் காணவில்லை என்றால் இந்த ஊரே விளக்கும் கையுமாகக் கிளம்பும், வில்மார் முதல் ஆளாக நிற்பான். அவன் அவ்வளவு நிதானமாக இருந்ததை நான் அப்போதே குறித்துக்கொண்டிருக்க வேண்டும். ஞாயிறு மதியம் எல்பியோ வந்தான். மொத்தம் முப்பது மணி நேரம்.

அவன் சொன்ன காரணத்தை அவன் வார்த்தையிலேயே தருகிறேன்: “எஞ்சின் நின்னு போச்சு, மகே. துடுப்பை வில்மார் இரவல் வாங்கிட்டுப் போயிருந்தான். தீவுலேயே படுத்துட்டேன். தீப்பெட்டி நனைஞ்சு போனதால அடுப்பும் மூட்ட முடியல. இருந்த ரொட்டியையும் ஒரு கார்பின்ச்சோ தூக்கிட்டுப் போயிடுச்சு.” புல்லைத் தவிர எதையும் சீண்டாத அந்தச் சாதுப் பிராணி அவன் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியது என்பதை முதலில் ஏற்றுக்கொண்டேன். விலங்குகளும் மாறலாம். ஆனால் அவன் குளிக்கப் போனபோது பிளாஸ்கைக் கழுவ எடுத்துத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது.

உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, குடுவையில் தூள் போடும் விதம் ஆளுக்கு ஆள் மாறும், அதையும் பார்த்தேன். எல்பியோவின் குடுவையில் முன்பக்கம் வெள்ளித் தகடு இருக்கிறது. தகடு தன்னைப் பார்க்க வைத்துக்கொண்டு, இலைத்தூளை எப்போதும் இடப்புறம் மேடாக ஒதுக்கி, வலப்புறம் உறிஞ்சும் குழலைச் செருகுவான். அன்று மேடு வலப்புறம் இருந்தது. குழல் இடப்புறம் நின்றது. தூளும் நாங்கள் வாங்குவது இல்லை, காம்பு குறைந்த, நயமான தூள். அவனுடைய குடுவையில் தூள் போட எனக்கே கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நான்கு முறைதான் அனுமதி கிடைத்திருக்கிறது, அதில் மூன்று முறை அவனுக்குக் காய்ச்சல். ஆகவே தீப்பெட்டி நனைந்த தீவில் யாரோ ஒரு இடக்கைக்காரர் நல்ல தூள் போட்டு, வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு கார்பின்ச்சோ வரும் என்று தோன்றியது.

பிளாஸ்குக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும் என்று திங்கட்கிழமை ஒரு சோதனை செய்தேன். முப்பது மணி நேரத்தில் வெந்நீர் எவ்வளவு ஆறும் என்று அளக்க வெப்பமானி வேண்டியிருந்தது. ஊர் மருத்துவ நிலையத்து நர்ஸிடம் கேட்டேன். அவரிடம் இருந்தது குழந்தைகளைக் குளிப்பாட்டும் தண்ணீரை அளக்கும் வாத்து வடிவ வெப்பமானி. என் வயிற்றை ஒரு முறை பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே தந்தார். மாலைக்குள் மூன்று பேர் என்னை வாழ்த்தினார்கள், நான்காவதாகப் பக்கத்து வீட்டு சுனில்டா மஞ்சள் நூலில் பின்னிய ஒரு ஜோடிக் குட்டிக் காலுறையோடு வந்தாள். அவளிடம் உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லாமல் போயிற்று. கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“சூடு கிடக்கட்டும்டி. குடுவைய இன்னொருத்தி கையில குடுத்தானா?”

“அப்படித்தான் தெரியுது.”

“முத்தம் குடுத்திருந்தாக்கூட மன்னிச்சுடலாம்” என்றாள் சுனில்டா. காலுறையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இருக்கட்டும், எப்பவாவது ஆகும் என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அதை எல்பியோ பார்த்தான். வெளியிலும் கேள்விப்பட்டிருக்கிறான் போலிருக்கிறது, முகம் வெளுத்திருந்தது. “நிஜமா?” என்று கேட்டான். இல்லை என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து நீண்ட மூச்சு விட்டான். அது ஏமாற்றமா நிம்மதியா என்று நான் பல புத்தகங்களில் படித்த மூச்சுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நிம்மதி என்றே முடிவுக்கு வந்தேன். வெப்பமானி முப்பதாவது மணி நேரத்தில் காட்டியது ஒரு கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம் என்ற அளவு. முகத்தில் ஆவி அடிக்கும் அளவு இல்லை. அதோடு செவ்வாய்க்கிழமை படகின் எஞ்சின் முதல் இழுப்பிலேயே கிளம்பியதைக் கரையில் நின்று என் காதால் கேட்டேன்.

இனி இடக்கை. நான் வேலை பார்க்கும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பவர்கள் என் எதிரில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். மூன்று நாள் முகத்தைப் பார்க்காமல் கைகளை மட்டும் பார்த்தேன். இந்த ஊரில் படிக்கிற இடக்கைக்காரர்கள் ஆறு பேர். இருவருக்குப் பத்து வயது நிரம்பவில்லை. ஒருவர் பாதிரியார். ஒருவர் ஓய்வுபெற்ற படகோட்டி, அவருக்கு மீசை உண்டு. ஒருத்தி சுனில்டாவின் நாத்தனார், எண்பத்தொரு வயது, அவளையும் ஒரு நாள் முழுக்க நான் சந்தேகித்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். மிஞ்சியது மிர்த்தா. கால்நடை மருந்துக்கடை வைத்திருப்பவள், முப்பத்தைந்து வயது, விதவை, வாசனைத் திரவியம் பூசுகிறவள். தேனீக்களுக்கு உண்ணி மருந்து அவளிடம்தான் எல்பியோ வாங்குகிறான்.

வியாழக்கிழமை மருந்து வாங்குகிற சாக்கில் போனேன். உட்காரச் சொன்னாள். இடக்கையால் தூள் போட்டு, இடக்கையால் வெந்நீர் ஊற்றி, குடுவையை நீட்டினாள். மேடு வலப்புறம் இருந்தது. உறிஞ்சினேன், அண்ணி. பாயசம். சர்க்கரை போட்டிருந்தாள். அவள் அம்மா அக்கரைக்காரி, அர்ஜென்டினா பழக்கம் போகவில்லை. “உன் புருஷன் ஒரே ஒரு தடவை குடிச்சான்” என்றாள் மிர்த்தா. “இது இருமல் மருந்தான்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போனவன்தான். இப்ப மருந்து வாங்க வந்தாக்கூட வாசல்லயே நிக்கிறான்.” அந்த ஞாயிற்றுக்கிழமை குடுவையைக் கழுவும் முன் மிச்சத் தூளை நாக்கில் வைத்துப் பார்த்திருந்தேன், சுத்தக் கசப்பு. மிர்த்தா குற்றமற்றவள். கால் லிட்டர் உண்ணி மருந்தோடு வீட்டுக்கு வந்தேன். எங்களிடம் ஏற்கனவே இரண்டு லிட்டர் இருக்கிறது.

சந்தேகப்பட ஊரில் ஆள் தீர்ந்துவிட்டது. சந்தேகம் தீரவில்லை. இதையெல்லாம் எல்பியோவின் அக்காவிடமே முறையிடுவது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் பொய் சொல்லக் கற்றுக்கொள்வதற்கு முன்பிருந்தே அவனைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். விஷயம் இதுதான். மொந்தெவிதேயோவில் அந்தப் பள்ளி நூலக வேலையை எடுத்துக்கொள்கிறேனா என்று இருபதாம் தேதிக்குள் நான் பதில் எழுத வேண்டும். டிசம்பரில், “நீ எங்கயோ அங்க நான், தேனீய எங்க வேணும்னாலும் வளக்கலாம்” என்று உங்கள் தம்பி சொன்னதை நம்பித்தான் அந்த நகரில் உங்கள் வீட்டுப் பின்னறையை எங்கள் இருவருக்கும் கேட்டிருந்தோம். முப்பது மணி நேரத்தை எங்கே கழித்தான் என்று சொல்லாத ஒருவனை இந்த ஊரிலிருந்து பெயர்த்துக்கொண்டு வர எனக்கு மனமில்லை. அவன் இருக்க விரும்புகிற இடத்தில் இருக்கட்டும். நான் மட்டும் வருகிறேன். பெரிய கட்டிலைக் கடன் வாங்கவேண்டாம், ஒற்றைக் கட்டில் போதும்.

ஒராசியோ அண்ணனுக்கு என் வணக்கம். அவருக்குத் தேன் இரண்டு ஜாடி தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன், அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. உங்கள் வீட்டில் எப்போதும் சிரிப்புச் சத்தம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
மகேலா

பின்குறிப்பு: உறை மீது உங்கள் முகவரியை எழுதும்போது, எங்கள் கல்யாணத்தன்று கேக்கைத் துண்டு போட்டது யார் என்பது நினைவுக்கு வந்தது. கத்தி எந்தக் கையில் இருந்தது என்பதும். ஐந்து மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருப்பவரை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை, அதுதான் என் பிழை. பேனாவை மூடாமலே சமையலறைக்குப் போனேன். எல்பியோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

“நிடியா அண்ணி எந்தத் தூள் வாங்குறாங்க?”

கத்தியைக் கீழே வைத்தான். மறுக்கவில்லை. “பாத்துட்டு வரலாம்னுதான் போனேன்” என்றான். “என்னால அங்க இருக்க முடியுமான்னு.”

படகை வில்மாரின் வீட்டுப் பின்னால் கட்டிவிட்டுப் பேருந்து ஏறியிருக்கிறான். உங்கள் தெருமுனையில் இரண்டு மணி நேரம் நின்று, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நம் ஊர் வழக்கப்படி வணக்கம் சொல்லியிருக்கிறான். இரண்டு பேர் பதில் சொன்னார்களாம். அதில் ஒருவர் போலீஸ்காரர், அடையாள அட்டையைக் கேட்டிருக்கிறார். மறுநாள் விடியற்காலை அவன் தன் தூளைத் தரையில் கொட்டிவிட்டதால் நீங்கள்தான் குடுவையை வாங்கித் தூள் போட்டுக் கொடுத்தீர்கள் என்றும், என்னிடம் தானே சொல்வதாக உங்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்ததாகவும் சொன்னான். ஊர் வந்து இறங்கியதும் பேருந்து நிலையத்தில் புதிதாக வெந்நீர் பிடித்திருக்கிறான். அது என் புத்திக்கு எட்டவே இல்லை.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

“வர்றேன்னு சொல்லிட்டேனே, மகே. சொன்னத மாத்துறதவிட எஞ்சின் மேல பழியப் போடுறது சுலபமா இருந்துச்சு.” பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னான்: “நான் வந்தா ஒரு மாசத்துல எல்லாத்துக்கும் உன்னையே குத்தம் சொல்ல ஆரம்பிச்சுடுவேன். வராட்டி நீ இங்கயே இருந்துடுவ. குழந்தைன்னு கேள்விப்பட்டதும் பயந்தது அதுக்குத்தான். அப்ப நீ கண்டிப்பா போகமாட்ட.”

ஆகவே மேலே எழுதிய அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மிர்த்தா, பாதிரியார், மீசைக்காரப் படகோட்டி, எண்பத்தொரு வயதுக்காரி, கார்பின்ச்சோ எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். உங்களிடமும்தான்.

மார்ச் 2. இந்தக் கடிதத்தை நான் அஞ்சலில் சேர்க்கவில்லை. பதினெட்டாம் தேதி பள்ளிக்குச் சம்மதம் என்று எழுதிப் போட்டேன். எழுதும்போது எல்பியோ பக்கத்தில் இருந்தான், அஞ்சல் தலையை அவன்தான் ஒட்டினான். நேற்று இரவு உணவின்போது எல்பியோ எங்கே என்று நீங்கள் கேட்டதற்கு என்னால் வாயால் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இதைக் காலையில் உங்கள் கையில் தருகிறேன். நான் நேற்று பிற்பகல் பேருந்தில் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எல்பியோ வரவில்லை.