மகரந்தத்துக்காக நின்ற பஸ்

மாத்தளைச் சந்தையில் ஒரு வெங்காயத்தைக்கூட வெங்காயமாக வாங்கத் தெரியாத ஒரே மனுஷி எங்கள் சூலகம் மிஸ்தான். அவருக்கு அது குமிழ். உயிரியல் படிப்பித்தார், பாடப்புத்தகச் சொற்களை வகுப்பறையிலேயே விட்டுவிட்டு வர அவரால் முடியாது. பூவுக்குள் விதை உண்டாகும் இடம் சூலகம். அதை ஓயாமல் சொன்னதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. வியர்த்தால்கூட, "எனக்கு ஆவியுயிர்ப்பு கூடிப்போச்சு" என்பார்.

வாழைப்பூ விற்ற நானாவிடம் ஒருநாள், "இது பூ இல்லங்க நானா, பூந்துணர். ஒரு காம்புல ஏகப்பட்ட பூ" என்றார்.

"அப்ப ஒவ்வொரு பூவுக்கும் வெலை சொல்லட்டுமா மிஸ்?" என்றார் நானா.

நானும் மிஸ்ஸும் ஒரே போர்டிங். நாவுலப் பக்கம் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். சண்டைக் காலம். பஸ்ஸில் போகிற வழியில் செக்பொயின்டில் எல்லாரும் இறங்கிப் பையைத் திறந்து காட்ட வேண்டும். வாயைத் திறக்காமல் நின்றால் போதும். அதைத்தான் அவரிடம் கெஞ்சிக் கேட்டிருந்தேன்.

ஒரு காலையில் அவர் பையில் சவர பிளேட்டுகளும், ஒரு டப்பா செவ்வரத்தம்பூவும் இருந்தன. இளம் சிப்பாய் ஒருவன் பிளேட்டைத் தூக்கி, எதற்கு என்று சிங்களத்தில் கேட்டான்.

"பூ வெட்ட" என்று மிஸ்ஸும் சிங்களத்திலேயே சொல்லி, அங்கேயே ஒரு பூவைப் பிளந்தார். விரலில் மஞ்சள் தூள் ஒட்டியது. "இதுதான் மகரந்தம்."

சிப்பாய் முகம் சுளித்தான். "இல்லை மிஸ். மகரந்த என்றால் பூவின் தேன்."

"தூள்."

"தேன்!"

ஒரே சொல் இரண்டு மொழியிலும் இருந்து தொலைத்ததுதான் வினை. துவக்கோடு அவன், பிளேட்டோடு இவர். பஸ்ஸில் வந்தவர்கள் இரண்டடி தள்ளிப்போனார்கள்.

"தேன்னே சொல்லிட்டு ஏறுங்க மிஸ், புண்ணியமாப் போகும்!" என்று கண்டக்டர் கத்தினார்.

"தப்பான கலைச்சொல்ல எப்பிடிங்க ஒத்துக்கிறது?"

கடைசியில் சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கச்சியின் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வதாக அனுப்பிவைத்தான்.

லீவில் போய்த் திரும்பியவன் பஸ்ஸுக்குள் ஏறி மிஸ்ஸைத் தேடினான். மகரந்த தேன்தானாம், தூளுக்குப் 'பராக' என்று தனிச் சொல்லாம். மிஸ் அதை ஆசையாகச் சொல்லிப் பார்த்தார். "அப்ப சூலகத்துக்கு?" அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த லீவில் 'டிம்பகோஷய' வந்தது. பிறகு புல்லி, இலைவாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டனுப்பினார். இரண்டு பேரும் சொல் பரிமாறி முடிகிற வரை பஸ் நிற்கும். எங்கள் பைகளைப் பார்க்கவே அவன் மறந்துவிடுவான்.

பிறகு அவனைக் காணவில்லை. சில நாள் பொறுத்துவிட்டு, மிஸ் புதிதாக நின்றவனிடம் விசாரித்தார். வடக்குக்குச் சண்டைக்கு அனுப்பிவிட்டார்களாம். அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

எல்லாரும் திரும்ப ஏறிய பிறகும் மிஸ் ரோட்டிலேயே நின்றார். "வித்திலைக்குச் சிங்களச் சொல்லு கேட்டிருந்தேன்" என்றார் என்னிடம்.

கண்டக்டர் மணியடிக்கவில்லை. நான் இறங்கிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு ஏறத் தோன்றும்வரை பக்கத்தில் நின்றேன்.