ஓட்டை விழாத வீடு

இடது கால் முழங்கால்வரை கீழே போய்விட்டது என்பது கண்ணாடிக்காரருக்கு உறுதியாகத் தெரிந்தது. எந்த அறைக்குள் போயிற்று என்பதுதான் தெரியவில்லை.

வலது கால் ஓர் உத்திரத்தின்மேல் மடங்கிக் கிடந்தது. கைகள் அடுத்த உத்திரத்தைக் கட்டிப் பிடித்திருந்தன. டார்ச் வாயில் இருந்தது. ஒரு கையை விடுவித்து டார்ச்சை எடுத்துவிட்டு, பதற்றத்திலும் பணிவு குறையாமல் கூப்பிட்டார்.

"ஏம்மா, என் கால் தெரியுதான்னு கொஞ்சம் பாரேன்."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "எந்தக் கால்?"

"இடது கால்."

"நீங்க பரண்ல இருக்கீங்க. கால் மட்டும் எப்படிங்க கீழ வரும்?"

"வந்துடுச்சும்மா. அதான் கேக்கறேன்."

அம்மையார் கையில் கரண்டியோடு ஒவ்வோர் அறையாகச் சென்று அண்ணாந்து பார்த்தார். கூடம், படுக்கையறை, குளியலறை எதையும் விடவில்லை.

"நம்ம வீட்ல கால் எதுவும் இல்லைங்க," என்று அறிவித்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

கண்ணாடிக்காரர் காலை மெல்ல உருவினார். கால் வந்தது, செருப்பு வரவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றே அழைப்பது வழக்கம். இந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்தது சென்ற மாதம். சுவரோடு சுவராக ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசையில் நடு வீடு அது. மேலே சரிவான கூரை; அறைகளுக்குக் கூரை தெரியாதபடி மெல்லிய அட்டையால் ஃபால்ஸ் சீலிங்; இரண்டுக்கும் நடுவே குனிந்து நடக்கும்படியாக ஒரு பரண். அதில் உத்திரங்கள்மேல் மட்டுமே கால் வைக்க வேண்டும். அந்தப் பாடத்தைத்தான் அவருடைய இடது கால் இப்போது கற்றுக்கொண்டது.

அவர் மேலே ஏறியதற்குக் காரணம் சமையலறைக் குழாய். சில நாட்களாக அதில் தண்ணீர் நூல்போல வந்துகொண்டிருந்தது. பரணில் எட்டிப் பார்த்தார். தூரத்தில் ஒரு தொட்டி நிரம்பி வழிந்து சொட்டிக்கொண்டிருந்தது. கோளாறு அங்கேதான் என்று முடிவு செய்தார். அவசரப்பட்டார் என்று அவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

இறங்கி வந்து அவரும் எல்லா அறைகளையும் பார்வையிட்டார். ஊரார் கண்களையெல்லாம் சோதித்த கண்கள் அவருடையவை. ஒரு கீறலைக்கூட அவற்றால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"டபுள் சீலிங்," என்றார் கடைசியில். "ஒண்ணு உடைஞ்சாலும் இன்னொண்ணு தாங்கும். அந்தக் காலத்து வேலைன்னா வேலைதான்."

"அப்ப செருப்பு?"

"ரெண்டுக்கும் நடுவுல இருக்கும்."

"ஞாயித்துக்கிழமை அப்பா வர்றாரு இல்ல. அவரையே பாக்கச் சொல்லலாம். நீங்க எதுக்குங்க கஷ்டப்படறீங்க?"

அம்மையார் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் கண்ணாடிக்காரரை முள்ளாய்த் தைத்தது.

மாமனார் கட்டட வேலைகளை மேற்பார்த்து ஓய்வு பெற்றவர். புது மாப்பிள்ளையாக இருந்தபோது கண்ணாடிக்காரர் அவர் வீட்டில் கடிகாரம் மாட்ட ஓர் ஆணி அடித்தார். ஆணி நின்றது, சுவர் நிற்கவில்லை. அன்று மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்க உட்காருங்க மாப்பிள்ளை," என்றார். அதற்குப் பிறகு யார் வீட்டில் எந்த வேலை நடந்தாலும், சுத்தியல் பக்கம் கண்ணாடிக்காரரின் கை நீளும் முன்பே நாற்காலி வந்துவிடும். தன் கையால் செய்த ஏதாவது ஒன்றின்மேல் மாமனாரை நிற்கவைக்க வேண்டும் என்பது அவர் வாய்விட்டுச் சொல்லாத ஆசை.

"தொட்டி வரைக்கும் பலகை போடப் போறேன்," என்றார். "நடைபாதை மாதிரி. அப்பா கையை வீசிக்கிட்டு நடந்து போகலாம்."

அம்மையார் அவரை ஒருமுறை பார்த்தார். "நல்லா இருக்குங்க," என்றார். கேலியா, இரக்கமா என்று பிரித்தறிய முடியாத குரல் அது.

பக்கத்து வீட்டு அம்மா மகளைப் பார்க்க ஊருக்குப் போயிருந்ததால், சத்தம் தொந்தரவாகுமே என்ற தயக்கமும் இல்லை. மரக்கடையில் நல்ல நீளமான பலகைகளாக வாங்கினார். பரணுக்கு ஏறும் சதுரத் திறப்புக்குள் பலகை நுழையவில்லை. எல்லாவற்றையும் பாதியாக அறுத்தார். இப்போது நுழைந்தன; ஆனால் பலகையின் நுனி உத்திரத்தில் படியாமல் இரண்டு உத்திரங்களுக்கு நடுவே அந்தரத்தில் நின்றது. அந்த நுனியில் ஏறி நின்று பார்த்தார். மறு நுனி பூங்காவில் இருக்கும் சீசாப் பலகைபோல எழும்பியது. அதன்மேல் இருந்த ஆணி டப்பா எகிறிப் பறந்து, முன்பு கால் போன ஓட்டைக்குள் விழுந்தது. கீழே எங்கோ சலசலவென்று ஆணிகள் சிதறும் ஓசை கேட்டது.

கீழே இறங்கி, துடைப்பத்தோடு தேடினார். எந்த அறையிலும் ஓர் ஆணிகூட இல்லை.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா பெருக்கலாம்னு."

பலகைகளுக்கு அடியில் கட்டை கொடுத்து ஸ்க்ரூ போட்டு இறுக்குவதென்று தீர்மானித்தார். டிரில்லிங் மெஷினைப் பக்கத்து வீதிக்காரரிடம் இரவல் வாங்கினார். வேலை சுறுசுறுப்பாக நடந்தது. திடீரென்று ஒரு நீலப் பொறி பறந்தது. உத்திரத்தை ஒட்டி ஓடிய ஒயர் ஒன்று கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது. மன்னிப்புக் கேட்கும் வாசகத்தை மனத்துக்குள் உருப்போட்டபடி இறங்கி வந்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மையார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரண்ட் போகலயா?"

"இல்லயே. ஏன், மேல தூங்கிட்டீங்களா? சத்தமே காணோமே."

"காலையிலேருந்து தட்டிக்கிட்டு இருக்கேனேம்மா."

"எங்கயோ தள்ளி யாரோ தட்டற மாதிரி இருந்துச்சு. நீங்கன்னு நினைக்கல."

கண்ணாடிக்காரருக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. உழைப்புக்கு மரியாதை இல்லாமல் போகலாம். சத்தம்கூடவா இல்லாமல் போகும்? ஆயினும் அவருக்குள் ஒரு துணிச்சலும் பிறந்தது. என்ன செய்தாலும் சேதமாகாத வீடு எத்தனை பேருக்கு வாய்க்கும்? அதோடு, கீழே சின்னதாக இருந்த வீடு மேலே விசாலமாக இருப்பதும் அவருக்குப் பெருமையாக இருந்தது. தாண்டி வந்த வழியில் குறுக்கே உயரம் குறைந்த ஒரு செங்கல் வரிசை ஓடியது. பலகை தாங்குவதற்கென்றே முன்யோசனையுள்ள யாரோ அதைக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று மனமார வாழ்த்திவிட்டு, அதன்மேலும் இரண்டு ஸ்க்ரூ இறுக்கியிருந்தார்.

முதல் நாள் கால் போன இடத்துக்கு வந்தபோது பலகை தீர்ந்துவிட்டது. மரக்கடை மூடும் நேரம். அவருடைய கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை வைத்தபோது கழற்றிய பழைய பலகை ஒன்று மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. தேக்குப் பலகை. எழுத்துள்ள பக்கம் பெயிண்டால் வழுக்கும் என்பதால், அதைக் கவனமாகக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி ஓட்டையை மறைத்துப் பதித்தார்.

சனிக்கிழமை மாலைக்குள் தொட்டியை அடைந்துவிட்டார். சிக்கியிருந்த மிதவைப் பந்தைத் தட்டி நேராக்கினார். சொட்டுவது நின்றது. வெற்றி வீரராகக் கீழே வந்து சமையலறைக் குழாயைத் திறந்தார். தண்ணீர் பழையபடி நூலாகவே வந்தது.

அம்மையார் குழாயின் வாயைத் திருகிக் கழற்றி, உள்ளே இருந்த சல்லடையை உள்ளங்கையில் தட்டினார். ஒரு சிட்டிகை மணல் விழுந்தது. திரும்ப மாட்டினார். தண்ணீர் கொட்டியது.

கண்ணாடிக்காரர் குழாயை மூடித் திறந்து பார்த்தார். அப்போதும் கொட்டியது.

"பாதை எதுக்காவது உதவும்ங்க," என்றார் அம்மையார் மெதுவாக. இம்முறை கேலி இல்லை.

ஞாயிறு காலை மாமனார் வந்தார். பையை வைத்த கையோடு சுவர்களைத் தட்டிப் பார்த்தார். "என்ன வேலை இருக்கு? சொல்லும்மா. நீங்க உட்காருங்க மாப்பிள்ளை."

கண்ணாடிக்காரர் உட்காரப் போனார்.

"முதல்ல பரணைப் பாருங்கப்பா," என்றார் அம்மையார். "அவர் ஒண்ணு செஞ்சிருக்காரு."

மாமனார் ஏணியில் ஏறினார். காலடிகள் திம் திம்மென்று தொலைவாகப் போயின. பிறகு, சோதிப்பதற்காகப் போலும், நின்ற இடத்திலேயே நன்றாகக் குதிக்கும் ஓசை மெலிதாகக் கேட்டது. கண்ணாடிக்காரர் கண்களை மூடிக்கொண்டார்.

மாமனார் இறங்கி வந்தார். தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"யாரை வெச்சுப் போட்டீங்க?"

"நான்தான் மாமா போட்டேன்."

"அடியில கட்டை குடுத்தது?"

"அதுவும் நான்தான்."

மாமனார் நாற்காலியை இழுத்தார். கண்ணாடிக்காரர் பழக்கத்தில் அதை நோக்கி நகர்ந்தார். ஆனால் மாமனாரே அதில் உட்கார்ந்துகொண்டார்.

"ஒரு ஆட்டம் இல்ல, ஒரு கிறீச் இல்ல. எப்படிப் போட்டீங்கன்னு சொல்லுங்க மாப்பிள்ளை. நான் உட்கார்ந்து கேக்கறேன்."

கண்ணாடிக்காரர் மரக்கடையிலிருந்து ஆரம்பித்தார். அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டு புன்னகைத்தார். கண்ணாடிக்காரர் செங்கல் வரிசை வரைக்கும் சொல்லி முடித்திருந்தபோது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் பக்கத்து வீட்டு அம்மா நின்றிருந்தார். தலையெல்லாம் வெள்ளைத் துகள். ஒரு கையில் மெழுகுவத்தி, மறு கையில் ஓர் இடது கால் செருப்பு.

"தப்பா நினைச்சுக்காதீங்க," என்றார் அவர், கண்ணாடிக்காரரைவிடப் பணிவாக. "ஊர்லேருந்து வந்த அலுப்புல கட்டில்ல ஆணியைத் தள்ளிட்டுக் கொஞ்சம் சாஞ்சேங்க, மேல யாரோ குதிச்சாங்க, அண்ணாந்து பார்த்தா சீலிங்ல ஒரு ஓட்டை, அதுக்குள்ள 'கண் பரிசோதனை இலவசம்'னு ஒரு போர்டு; அது உங்க கடைதானே?"