நெஞ்சைத் தட்டும் பேய்

திருவொற்றியூரில் கண்டெய்னர் லாரி வரிசையைவிட நீளமான வரிசை துடிப்புச் சாமியார் வாசலில்தான். மணலி, மாதவரம் என்று ஷேர் ஆட்டோ பிடித்து வந்து நிற்கிறார்கள். வந்தவர் மார்பில் சாமியார் சங்கை வைத்துக் காது கொடுத்துக் கேட்பார். உள்ளே பேய் இருக்கிறது என்பார். இதுவரை ஒருவர் நெஞ்சிலும் பேய் இல்லாமல் போனதில்லை.

வைத்தியம் சுலபம். திருநீற்றை வெந்நீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். நெஞ்சு படபடத்தால் பேய் கதவைத் தட்டுகிறதாம். பேய் இல்லாதவருக்கு ஒன்றும் ஆகாதாம். டாக்டரிடம் போவது மட்டும் தெய்வக் குற்றம்.

புருஷன் செத்ததிலிருந்து தூங்காத கெங்கம்மாவும் குடித்தாள். தூக்கம் வந்தது. படபடப்பும் வந்தது. போன வாரம் குழாயடியில் மயங்கி விழுந்தாள். மகள் செங்கொடி பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஈசிஜி பார்த்த டாக்டர், "இதயத்துல ஓடுற மின்சாரம் தாறுமாறா இருக்கு. மனச்சோர்வு மாத்திரை எதுனா சாப்பிட்டீங்களா? அளவோட கொடுத்தா நல்ல மருந்து. மீறினா உயிருக்கே ஆபத்து" என்றார்.

"மாத்திரையே துன்னதில்ல சார். சாமி குட்த்த துண்ணூறுதான்" என்றாள் கெங்கம்மா.

செங்கொடிக்குத் திருநீற்றின் மேல் சந்தேகம் சுருக்கென்றது. ஆனால் வீடு திரும்பிய கெங்கம்மா நேராகச் சாமியாரிடம்தான் போனாள். மயங்கி விழுந்தது பேயின் கடைசி உதையாம். மகளும் பின்னாலேயே போனாள்.

"பேய் கெளம்பற நேரம் தாயி. இன்னிக்கு மூணு பொட்டலம் ஒண்ணா குடி" என்றார் சாமியார். கெங்கம்மா கை நீட்டுவதற்குள் செங்கொடி பிடுங்கிக்கொண்டாள்.

"சாமி, உனுக்குள்ள பேய் கீதா?"

"எனக்குள்ள தெய்வம்தான் இருக்கு."

"அப்ப உனுக்கு ஒண்ணும் ஆவாது. இத்த நீயே குடி. நாங்க பாத்துகினு நிக்கிறோம்."

சாமியார் பொட்டலத்தைத் தள்ளிவிட்டார். விரதம் என்றார்.

"துண்ணூறுக்கு இன்னா வெரதம் நைனா?" என்றபடி, வரிசையில் நின்ற மண்ணாங்கட்டி என்ற பெரியவர் அன்போடு அவர் தாடையைப் பிடித்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கை.

"வுடுப்பா. எனுக்கு ஹார்ட் வீக்கு. அந்த மாத்திரை ஒத்துக்காதுன்னு டாக்டரே சொல்லிகீறாரு" என்று அலறினார் சாமியார்.

"எந்த மாத்திரை சாமி?" என்றாள் செங்கொடி.

உள்ளே பாய்ந்து பார்த்தாள். பதில் உள்ளறை உரலில் கிடந்தது, பாதி இடிபட்ட மாத்திரைகளாக. கெங்கம்மா மகள் தோளில் சாய்ந்து அழுதாள். அன்றே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள்.

கூட்டம் திருந்திவிட்டது என்று நினைக்காதீர்கள். "வேற நல்ல சாமியாரு எங்கனா கீறாரா?" என்று ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார். ஐயா, தன் நெஞ்சு வலித்தால் சாமியாரே டாக்டரிடம்தான் போகிறார். அந்தப் புத்தியையாவது அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.